எம்.எல்.ஏ.வுக்கு முதல் பெஞ்சா, கடைசி பெஞ்சா?

(கேள்வி-பதில்: பொங்கலூர் ஸ்பெஷல்)

அரசுப் பள்ளிக்கு எம்.எல்.ஏ.வை அழைக்கலாமா என்று பொங்கலூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். 'தாராளமாக' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தோம். வார்த்தையை மிச்சம் பிடித்ததற்கு இந்த வாரம் வட்டியும் முதலுமாகத் தபால் வந்து குவிந்துவிட்டது. இனி உங்கள் பாடு, என் பாடு.

கேள்வி: தாராளமாக என்று சொல்லிவிட்டீர்கள். ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வருகிறார், பேசுகிறார், போகிறார். இதில் புதிதாக என்ன?
- அதே தலைமையாசிரியர், பொங்கலூர்

பதில்: ஆண்டு விழாவில் அவர் என்ன பார்க்கிறார்? ஷாமியானா, பொன்னாடை, 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்'. பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறார். நான் சொல்வது வேறு. ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, ஒரே ஒரு பீரியட். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள்.

அங்கே படிப்பின் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் மூன்று கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மலர்க் கூட்டத்துப் பெண் ஒரு பத்தியைக் கடகடவென்று வாசிப்பாள். அரும்பில், அப்பா அம்மா பனியன் கம்பெனி வேலைக்கு வந்ததால் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், 'ப' எழுதி, அது 'ம'வா என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருப்பான். மொட்டுக் கூட்டத்தில் இரண்டு பேருக்குள் ரப்பர் தகராறு. மூன்றுக்கும் நடுவில் ஒரே டீச்சர். அதிலும் அது ஈராசிரியர் பள்ளியாக இருந்து, இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தால், அடுத்த அறையிலிருந்து நான்காம், ஐந்தாம் வகுப்பின் சத்தமும் சேர்ந்து வரும். நாற்பது நிமிடம் இதைப் பார்த்தவரிடம் 'ஆசிரியர் பணியிடம் காலி' என்று மனு கொடுக்க வேண்டியதில்லை. "ஏங்க, இன்னொரு டீச்சர் இல்லீங்களா?" என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைப்பதற்குத்தான் இந்த அழைப்பு.

கேள்வி: வந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைப்பதா, கடைசி பெஞ்சிலா?
- உதவி ஆசிரியை, கொடுவாய்

பதில்: உங்கள் பள்ளியில் பெஞ்ச் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் விசேஷம். பாயில் உட்காரட்டும். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவார் பாருங்கள், அந்த நொடியில் பெஞ்ச் பேச்சை எடுங்கள்.

கேள்வி: பள்ளிக்கு அரசியல்வாதியை அழைத்து ஆதரவு திரட்டுவது வெளிநாட்டு ஐடியா மாதிரி இருக்கிறதே?
- கல்லூரி மாணவி, காட்டூர்

பதில்: அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களை வகுப்பறைக்கு அனுப்புவதற்கென்றே ஒரு திட்டம் நடந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் பாட்டன்கள் இதில் முந்திக்கொண்டார்கள். 1950-களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்று நடந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இயக்கம். செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர் ஊராகப் பரவியது. அதன் சூட்சுமமே வரிசையில்தான். முதலில் ஆசிரியரும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போடுவார்கள். கூரைக்கு ஓடு, மணி, கடிகாரம், கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை. இதை யார் தருகிறீர்கள், அதை யார் தருகிறீர்கள் என்று ஊருக்குள் கேட்டு வாங்குவார்கள். அதற்குப் பிறகுதான் மாநாடு, மேடை, அமைச்சர். வருகிறவர் முன்னால் ஊர் தன் பங்கை வைத்துவிட்டு நிற்கும். அவர் வெறுங்கையோடு திரும்பிப் போக முடியுமா?

அப்போது முதலமைச்சர் காமராஜர். கல்வி அமைச்சர் யார் தெரியுமா? பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்துச் சி.சுப்பிரமணியம். பின்னாளில் பசுமைப் புரட்சிக்காகப் பேர் வாங்கியவர், அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பாளர். மதிய உணவுத் திட்டம் 1956-இல் விரிந்ததும் அவர் காலத்தில்தான். அவருக்கும் முன்னால், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம திருப்பூரில் பிறந்த தி.சு.அவிநாசிலிங்கம். அவர் 1930-லேயே கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கி நடத்திவிட்டு அமைச்சர் நாற்காலிக்குப் போனவர். பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து கோட்டைக்குப் போனவரை யாரும் வகுப்பறைக்கு அழைத்துக் காட்ட வேண்டியிருந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் இப்போது அபூர்வம். அதனால்தான் அழைப்பிதழ்.

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ.வுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியுமா?
- டீக்கடைக்காரர், அவிநாசிபாளையம்

பதில்: பேஷாகத் தெரியும். ஓட்டுப்பெட்டி இருந்த இடம் ஆச்சே! இன்னொரு ரகசியம்: பல பள்ளிகளில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வந்ததே வாக்குச்சாவடி புண்ணியத்தில்தான். பிள்ளைகளும் மாசத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டால் மீதியும் வந்துவிடும்.

கேள்வி: பொங்கலூர்த் தொகுதி எம்.எல்.ஏ. என்று ஒருவரே கிடையாதே, சார். யாரை அழைப்பது?
- ஓய்வுபெற்ற தபால்காரர், பொங்கலூர்

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். 2008 மறுசீரமைப்பில் தொகுதி போயே போச்சு. 2006 தேர்தலோடு அந்தப் பேருக்கு முழுக்கு. இப்போது நீங்கள் பல்லடம் கணக்கில் வருகிறீர்கள். பெரிய தொகுதியில் சின்ன ஊராகிவிட்டால் கூடுதலாகக் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிடாத வீட்டுக்கு வருவதற்கு அவர் என்ன மாப்பிள்ளையா?

கேள்வி: நான் ஓவர்லாக் டெய்லருங்க. ஒண்ணரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமைச் சம்பளத்துல வேன் பீஸ் கட்டி, புள்ளைய மெட்ரிக் ஸ்கூலுக்குத்தான் அனுப்பறேன். எம்.எல்.ஏ. கவர்மென்ட் ஸ்கூலுக்கு வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன?
- பனியன் தொழிலாளி, தொங்குட்டிபாளையம்

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சள் வேன் வாசலுக்கு வருகிறது, பிள்ளை டை கட்டிக்கொண்டு போகிறது, அக்கம்பக்கத்தில் ஒரு மதிப்பு. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கியது. டாக்டர் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, 2020-இலிருந்து. தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடு 2022-இலிருந்து. காலை ஷிப்டுக்கு ஓடுகிற வீட்டில் அந்தக் காலைச் சாப்பாட்டின் அருமையை நான் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் தயங்குவது காசுக்காக இல்லை, மதிப்புக்காக. 'கவர்மென்ட் ஸ்கூலா' என்று இழுக்கிறார்களே, அந்த இழுவைக்காக. 2011-இல் ஈரோடு கலெக்டர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். கட்டடம் ஒன்றும் அன்றைக்குப் புதிதாக முளைத்துவிடவில்லை. பெரிய இடத்துப் பிள்ளையும் இங்கே படிக்கும் என்று ஆனதுதான் செய்தி. நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. எம்.எல்.ஏ. ஒரு பீரியட் உட்கார்ந்துவிட்டுப் போவதில் அந்த மதிப்பில் கால்வாசியாவது கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் எம்.எல்.ஏ., அதிகாரி வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயம் அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டால் ஒரே நாளில் பள்ளிகள் திருந்திவிடாதா?
- விசைத்தறியாளர், கேத்தனூர்

பதில்: 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையேதான் உத்தரப்பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது: அரசுச் சம்பளம் வாங்குபவர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் எல்லாருடைய பிள்ளைகளும் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு. நாடே கைதட்டியது. கைதட்டியதோடு சரி, உத்தரவு காகிதத்தில் நின்றுவிட்டது. அடுத்தவர் பிள்ளையை அதட்டிச் சேர்ப்பதைவிட, அடுத்தவரை அழைத்து உட்கார வைப்பது நடக்கிற காரியம்.

கேள்வி: எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தால் அழைக்கலாமா? ஆளுங்கட்சிக்காரர் கோபித்துக்கொண்டால்?
- பெயர் வேண்டாம் என்கிறார், அலகுமலை

பதில்: பேரைப் போட மாட்டேன், பயப்படாதீர்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்பின் மனைவி மெலானியா டெல்லி அரசுப் பள்ளி ஒன்றில் 'மகிழ்ச்சி வகுப்பு' பார்க்க வந்தார். அந்தப் பாடத்தைக் கொண்டுவந்த டெல்லி அரசின் முதலமைச்சர் கெஜ்ரிவாலும் கல்வி அமைச்சர் சிசோடியாவும் அந்த நிகழ்ச்சியில் இல்லை. பேர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவரை வெளியே நிறுத்தினாற்போல! இந்த அசிங்கம் உங்களுக்கு வேண்டாம். யார் ஜெயித்திருக்கிறாரோ அவரை அழையுங்கள். தோற்றவர் ஆசைப்பட்டால் அவருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை கொடுங்கள். அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்று யார் கண்டது?

கேள்வி: வந்தவர் 'நானே ஒரு பாடம் எடுக்கிறேன்' என்று சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டால்?
- கணித ஆசிரியர், பொங்கலூர்

பதில்: நாசூக்காகச் சாக்பீஸை வாங்கி வையுங்கள். 1992-இல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவைல் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் கரும்பலகையில் உருளைக்கிழங்குக்கு ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதினான். துணை அதிபர் குனிந்து, கடைசியில் ஓர் எழுத்து விட்டுப்போச்சு என்று திருத்திவிட்டார். பையன் எழுதியது சரி, துணை அதிபர் திருத்தியது தப்பு. அவருடைய அரசியல் வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் உலகம் மறந்துவிட்டது, உருளைக்கிழங்கை மட்டும் மறக்கவில்லை.

கேள்வி: எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, கொடி கொடுத்து, பூத் தூவச் சொல்வார்கள். கூடவே நாற்பது பேர் கட்சிக்காரர்கள் வருவார்கள். இதையெல்லாம் யார் தடுப்பது?
- பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, வேலம்பட்டி

பதில்: நீங்கள்தான், அம்மணி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்குப் பொன்னாடை போடலாம். (வேண்டாம் என்று இப்போதுதான் எழுதினேன், விடுங்கள்.) அழைப்புக் கடிதத்திலேயே பணிவாக எழுதிவிடுங்கள்: வகுப்பறை சிறியது, உங்களுடன் ஒருவர் வரலாம். பேனர் வைப்பதில்லை. பிள்ளைகள் படம் எடுப்பதென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு. வரவேற்புக்கு மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு அமைப்பிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேர். குறிஞ்சிக் குழுவோ நெய்தல் குழுவோ, யார் முறையோ அவர்கள் வாசலில் வணக்கம் சொல்லி அழைத்துப் போவார்கள். அவ்வளவுதான். பிள்ளைகளைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையமே 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. தேர்தல் நெருங்கும் மாதங்களில் அழைப்பையே தள்ளிவையுங்கள்.

இதை ஹெச்.எம். எழுதினால் மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று தயங்குவார். நீங்கள் எழுதினால் அந்தத் தொல்லை கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 21-ஆம் பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் குழுவாக மாற்றியமைத்தபோது தலைமை ஒரு பெண் பெற்றோருக்கு என்று வைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். அந்த நாற்காலி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துப் போட மட்டும் இல்லை.

கேள்வி: எம்.எல்.ஏ. எதற்கு? வார்டு உறுப்பினர் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறார்?
- மளிகைக் கடைக்காரர், காட்டூர்

பதில்: முறைப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இரண்டு இடம் இருக்கிறது. குழாய், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் அவர்கள் கைக்கு எட்டும் விஷயம். ஆனால் நம் மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுக்கென்று சட்டம் போட்டு வைத்த நாற்காலியில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாமல் போனால் குழு எப்படி முழுசாகும்? என்னைக் கேட்டால், எம்.எல்.ஏ. வந்து உட்காரும்போது முதல் கேள்வியே இதுதான்: உள்ளாட்சியை ஏன் காலியாக விட்டார்கள்? வார்டு உறுப்பினர் இருக்கிற ஊரில் குழாய் ஒழுகுவதற்கு எம்.எல்.ஏ. தேவைப்பட மாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. அரசியல்வாதியிடம் கெஞ்சுவதைவிட அவர்களிடம் கேட்டால் பள்ளியே பளபளவென்று ஆகிவிடுமே?
- செக்கிங் சூப்பர்வைசர், பொங்கலூர்

பதில்: கேளுங்கள், கொடுப்பார்கள். அதற்காகவே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று அரசே ஒரு ஏற்பாடு செய்தது. முதலாளி ஸ்மார்ட் போர்டு தருவார், பெயின்ட் அடிப்பார், ஆர்.ஓ. மெஷின் வைப்பார், தன் பேரைக் கல்லில் வெட்டுவார். தப்பில்லை. ஆனால் ஒரு ஆசிரியர் பணியிடத்தை அவரால் உருவாக்க முடியுமா? பட்ஜெட்டில் கல்விக்கு ஒதுக்குவதை அவர் கூட்ட முடியுமா? சட்டமன்றத்தில் எழுந்து, இந்தப் பள்ளியைப் பிற பள்ளியோடு சேர்த்து மூடிவிடாதீர்கள் என்று சொல்ல முடியுமா? இவற்றுக்கு நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள்தான் வேண்டும். அவரிடம் கேட்பது கெஞ்சுவதாகாது. சம்பளம் கொடுக்கிற நாம் வேலை சொல்கிறோம்.

கேள்வி: எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா? யாரை அழைத்தால் லாபம்?
- கோழிப்பண்ணை உரிமையாளர், பொங்கலூர்

பதில்: தீவனக் கணக்கு மாதிரியே கேட்கிறீர்கள், பிடித்திருக்கிறது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. ஆனால் எம்.பி.க்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. வகுத்தால் பொங்கலூருக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே பாருங்கள். ஆகவே கட்டடம், கழிப்பறை என்றால் எம்.எல்.ஏ.

வெறுமனே 'கட்டடம் வேண்டும்' என்று கேட்டால் காரியம் ஆகாது. முதலில் ஒன்றியப் பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தைச் செயலியில் ஏற்றிவிடுங்கள். இரண்டையும் நகல் எடுத்து, எம்.எல்.ஏ. வகுப்பிலிருந்து எழும்போது கையில் கொடுங்கள். அவர் பரிந்துரை, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, கலெக்டரின் நிர்வாக அனுமதி, அப்புறம் டெண்டர் என்று அது போகும் பாதை நீளம். எஸ்டிமேட் இல்லாத மனு அந்தப் பாதையில் முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிடும்.

எம்.பி.யை அழைக்க வேறு காரணம் இருக்கிறது. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதால் 2024-25க்கான ஒருங்கிணைந்த கல்வி நிதி 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இந்தச் சண்டையை நடத்த வேண்டிய இடம் டெல்லி. எம்.பி.க்கு ஒரு வகுப்பறை மனசில் இருந்தால் குரல் இன்னும் கொஞ்சம் உரக்க வரும்.

கேள்வி: நீங்கள் சொல்கிறபடி பள்ளிக்குள் வந்த எம்.எல்.ஏ. யாராவது உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறாரா? சும்மா சொல்லாதீர்கள், ஆதாரம் வேண்டும்.
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுல்தான்பேட்டை

பதில்: பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோழிக்கோடு வரைக்கும் வாருங்கள். வடக்குத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த பிரதீப் குமார், நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியைப் பிடித்துக்கொண்டார். தொகுதி நிதி போதாது என்று தெரிந்ததும் ஃபைசல் அண்ட் ஷபானா அறக்கட்டளையை இழுத்துவந்தார். ஆசிரியர் பயிற்சிக்குக் கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2013 வாக்கில் அந்தப் பள்ளி அடையாளம் தெரியாமல் மாறியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2017-இல் கேரள அரசே பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் என்று மாநிலம் முழுக்கக் கையில் எடுத்தது. ஒரு எம்.எல்.ஏ. ஒரு பள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

குஜராத்தில் 2003 முதல் ஜூன் மாதத்தில் முதலமைச்சர், அமைச்சர்கள், அதிகாரிகள் எல்லாரும் கிராமப் பள்ளிகளுக்குப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது திருவிழா. தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அன்பில் மகேஷ் நம் பள்ளிக் கல்வி அமைச்சராக 234 தொகுதிகளிலும் பள்ளி பார்க்க 77 அம்சங்களோடு கிளம்பியது அதைவிட ஒரு படி மேல். பட்டியல் கையில் இருந்ததே, அதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் ஒரு சாட்சி: 1965 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கான பெரிய நிதிச் சட்டத்தில் வெள்ளை மாளிகையில் கையெழுத்துப் போடவில்லை. டெக்சாஸில் தாம் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசலில் மேசை போட்டு, தம் முதல் டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டார். இளவயதில் அவரும் வாத்தியார் வேலை பார்த்தவர்தான். உங்கள் எம்.எல்.ஏ. எந்தப் பள்ளியில் படித்தார் என்று விசாரியுங்கள். அரசுப் பள்ளி என்றால் அவருடைய பழைய டீச்சரையும் அதே செவ்வாய்க்கிழமை அழையுங்கள். டீச்சர் முன்னால் எவனும் சாக்குச் சொல்ல மாட்டான்.

கேள்வி: எங்க ஸ்கூலுக்கு எம்.எல்.ஏ. வந்தா நான் என்ன கேள்வி கேக்கறதுங்க?
- ஏழாம் வகுப்பு மாணவி, கொடுவாய்

பதில்: 'நீங்க ஏழாவது படிக்கும்போது எந்தப் பாடத்துல கம்மி மார்க்?' என்று கேள், கண்ணு. அவர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டால், உடனே இரண்டாவது கேள்வி: 'எங்க ஸ்கூல் பாத்ரூமுக்கு நீங்க போய்ப் பார்த்தீங்களா?'

கேள்வி: வருகிறேன் என்று தேதி கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் வரவில்லை என்றால்?
- மீண்டும் அதே தலைமையாசிரியர்

பதில்: அன்றைக்கு வழக்கம்போல வகுப்பு நடக்கும். மேடை போடவில்லை, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை, நஷ்டம் ஒன்றும் இல்லை. மறுநாள் புதுத் தேதி கேட்டுக் கடிதம். இரண்டாம் தடவையும் வரவில்லையா? எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பீரியடில் எல்லாப் பிள்ளைகளும் அவருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். எப்படியும் கடிதம் எழுதுதலுக்குத் தேர்வில் மார்க் உண்டு. ஸ்டாம்ப் செலவு என் கணக்கில்.